திரைக்கும் தாளுக்கும் ஒரே கையேடு: வாசகர் கேள்வி – பதில்

மென்பொருளுக்கான கையேட்டை இணையப் பக்கமாகவும் அச்சுப் புத்தகமாகவும் கொண்டுவருவது பற்றி, காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நகரத்தார் கோயில் ஒன்றின் புள்ளிக் கணக்குக்கு, அதாவது வரி கட்டும் தம்பதிகளின் பதிவேட்டுக்கு, மென்பொருள் எழுதித் தந்திருக்கிறோம். புதுத் தம்பதியைப் புள்ளி சேர்ப்பது, வரியை வரவு வைப்பது, ரசீது போடுவது எல்லாம் அதில்தான். அலுவலகத்தில் இருக்கும் பெரியவர், “தம்பி, புத்தகமாக் குடுங்க, மேசையில வச்சுப் பாத்துக்கிறேன்” என்கிறார். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்குப் போனில் வேண்டும். வேர்டில் ஒரு கோப்பு, இணையத்தில் ஒரு தளம் என்று தனித்தனியாக வைத்திருக்கிறோம். மூன்று மாதத்தில் இரண்டும் இரண்டு விதமாகிவிட்டன. எதை முதன்மையாக வைப்பது?
– வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டையுமே முதன்மையாக வைக்காதீர்கள். மூலம் என்று மூன்றாவதாக ஒன்று இருக்கட்டும். தளமும் புத்தகமும் அதிலிருந்து கணினியே கட்டித் தருபவையாக இருக்க வேண்டும். கட்டி வந்ததில் ஒரு எழுத்தைக்கூடக் கையால் திருத்தக் கூடாது. “அச்சுக்குப் போகும் அவசரம், பிடிஎஃபில் மட்டும் மாற்றிவிடுவோம்” என்று ஒருமுறை செய்தால் பழைய நிலைமைதான் திரும்ப வரும்.

மூலத்தில் எழுத வேண்டியது பொருளை, தோற்றத்தை அல்ல. வேர்டில் ஒரு வரியைச் சிவப்பாக்கித் தடிமனாக்கியிருப்பீர்கள். அது எச்சரிக்கையா, பட்டன் பெயரா, புதுச்சொல்லா என்று கணினிக்குத் தெரியாது. மூலத்தில் அதை ‘எச்சரிக்கை’ என்று குறித்துவிட்டால், இணையத்தில் மஞ்சள் பெட்டியாகவும் கறுப்பு வெள்ளைப் புத்தகத்தில் கோடு கட்டிய பத்தியாகவும் அந்தந்த வடிவத்துக்கான அலங்காரக் கோப்பு பார்த்துக்கொள்ளும். பெரும்பாலான கையேடுகளுக்கு ஆறு குறிகள் போதும்: எச்சரிக்கை, குறிப்பு, பட்டன் அல்லது மெனு பெயர், பயனர் தட்டச்சு செய்வது, கோப்புப் பெயர், கலைச்சொல். இதற்கு மேல் போனால் எழுதுபவர்கள் குறிகளை மறந்துவிடுவார்கள்.

அடுத்தது, விஷயத்தைத் துண்டாக்குவது. 2005இல் ஓயசிஸ் என்ற அமைப்பு தரநிலையாக்கிய, கையேடு எழுதுவதற்கான டிட்டா முறை இதற்கு மூன்று வகை சொல்கிறது: கருத்து விளக்கம், செய்முறை, பார்வைப் பட்டியல். டிட்டாவின் கருவிகள் உங்களுக்குத் தேவையில்லை. இந்தப் பிரிவு தேவை. ‘புள்ளி என்றால் என்ன’ என்பது விளக்கம். ‘புதுப் புள்ளி சேர்ப்பது’ செய்முறை. ‘ரசீதில் உள்ள கட்டங்கள்’ பட்டியல். ஒரு கோப்பில் ஒன்றுதான் இருக்க வேண்டும். செய்முறைக்கு நடுவே விளக்கம் நுழைந்தால், போனில் படிப்பவர் நான்காவது படியைத் தேடி விரலால் தள்ளிக்கொண்டே இருப்பார்.

செட்டிநாட்டு வீட்டில் முகப்பில் நுழைந்தால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நேராக நடந்து போகலாம். புத்தகம் படிப்பவர் அப்படி வருகிறார். தேடுபொறியில் தட்டி வருபவரோ நேரே இரண்டாம் கட்டில் வந்து நிற்கிறார். முகப்பில் சொன்ன எதுவும் அவர் காதில் விழவில்லை. ஆகவே ஒவ்வொரு செய்முறையின் தலையிலும் ‘தொடங்கும் முன்’ என்று இரண்டு வரி வையுங்கள்: யார் இதைச் செய்யலாம், என்ன தயாராக இருக்க வேண்டும். புத்தகத்தில் இது கொஞ்சம் திரும்பத் திரும்ப வருவதுபோல் தெரியும். பரவாயில்லை. நீளமான எச்சரிக்கைகளை மட்டும் தனிக் கோப்பாக்கி, இணையத்தில் வேண்டிய பக்கங்களில் எல்லாம் இழுத்துக் காட்டுங்கள். புத்தகத்தில் ஒரே இடத்தில் அச்சிட்டு, மற்ற இடங்களில் அதன் பக்க எண்ணைச் சொல்லுங்கள்.

துண்டுகளை எந்த வரிசையில் கோப்பது என்பதைத் துண்டுக்குள் எழுதாதீர்கள். அதற்குத் தனியாக ஒரு வரிசைக் கோப்பு வேண்டும். ‘முந்தைய அத்தியாயத்தில் பார்த்தபடி’ என்ற சொற்றொடர் எங்கே இருந்தாலும் எடுத்துவிடுங்கள். இணையத்தில் முந்தைய அத்தியாயம் என்று ஒன்று கிடையாது. தலைப்பு நிலைகளும் சார்பு நிலையாக இருக்க வேண்டும். ஒரே துண்டு இணையத்தில் முதல் நிலைத் தலைப்போடு தனிப் பக்கமாக நிற்கும்; புத்தகத்தில் அத்தியாயத்துக்குள் மூன்றாம் நிலையாக இறங்கும்.

கருவி என்று கேட்டால், நிரல் எழுதும் குழுவுக்கு ஸ்ஃபிங்க்ஸைத்தான் முதலில் சொல்வோம். பைதான் மொழியின் ஆவணங்களுக்காக உருவாகி 2008இல் வெளிவந்தது. ஒரே மூலத்திலிருந்து எச்டிஎம்எல் (இணையப் பக்கம்), பிடிஎஃப், இபப் (மின்னூல்) மூன்றும் தரும். ஆஸ்கிடாக்டர் என்ற கருவியும் நல்லது, ஆனால் தமிழுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தேவகோட்டை வாசகருக்கான பதிலில் பாருங்கள். மார்க்டவுன் என்ற எளிய குறிமொழியில், நீட்டிப்பு இல்லாமல், எச்சரிக்கை, கலைச்சொல், படத்துக்கு எண் போன்ற குறிகள் இல்லை. அதில் தொடங்குகிறவர்கள் நீட்டிப்புகளை ஒட்டி ஒட்டித் தங்களுக்கென்று ஒரு தனி மொழியே செய்துவிடுகிறார்கள்.

வேர்டிலிருந்து மாற்றும்போது முதலில் அந்தக் கோப்பிலேயே தலைப்புகளுக்கு ‘ஹெடிங்’ ஸ்டைல் கொடுங்கள். பிறகு பாண்டாக் என்ற கோப்பு மாற்றும் கருவி கொண்டு மாற்றுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி மட்டும் வைத்த தலைப்பு, மாற்றிய பிறகு சாதாரணப் பத்தியாகத்தான் வரும். கட்டம் இணைத்த அட்டவணைகளைக் கையால்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

உங்களுக்கென்று தனியாக ஒன்று: ‘புள்ளி’ என்ற சொல்லைக் கலைச்சொல் பட்டியலில் முதல் ஆளாகச் சேருங்கள். கோயில் ஏட்டில் அது ஒரு தம்பதி. தொகைக் கட்டத்தில் அது தசமப் புள்ளி. ‘புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்’ என்று ஒரு படியில் எழுதினால் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை திகைத்துப்போகும்.

கேள்வி: அரிசி ஆலைக்கான எங்கள் மென்பொருளின் உதவித் தளத்தைப் பிரவுசரிலிருந்தே பிரிண்ட் கொடுத்தோம். முதல் பக்கத்தோடு நின்றுவிட்டது. வேறொரு பக்கத்தில் மேல் மெனு ஒவ்வொரு தாளிலும் எழுத்தின் மேல் ஏறி நிற்கிறது. நெல் வரவு அட்டவணையில் 9 பத்தி (நெடுவரிசை). வலது பக்கம் வெட்டுப்படுகிறது.
– வாசகி, புதுவயல்

பதில்: மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

ஒரே பக்கம் அச்சாவது, பக்கத்தின் உடல் பகுதிக்குத் திரை அளவு உயரம் கொடுத்து, அதற்குள் உருட்டும் பெட்டி வைத்திருப்பதால். அச்சில் உருட்ட முடியாது. பெட்டிக்கு வெளியே இருப்பது போய்விடும். அச்சுக்கான சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்தைச் சொல்லும் அலங்காரக் கோப்பில்) அந்த உயரத்தைத் ‘தானியங்கு’ என்றும், வழிந்தால் ‘தெரியட்டும்’ என்றும் மாற்றுங்கள். மெனு ஏறி நிற்பது, அதை ஓரிடத்தில் நிலையாக ஒட்டியிருப்பதால். நிலையாக ஒட்டியது அச்சில் ஒவ்வொரு தாளிலும் வரும். மெனு, தேடல் பெட்டி, ‘மேலே செல்’ பட்டன் மூன்றையும் அச்சில் மறைத்துவிடுங்கள்.

அதே கோப்பில் இவற்றையும் சேருங்கள்: தலைப்புக்கு அடுத்துப் பக்கம் முறியக் கூடாது, படமும் எச்சரிக்கைப் பெட்டியும் நடுவில் முறியக் கூடாது, பத்தியின் ஒற்றை வரி தனியாக ஒரு தாளுக்குப் போகக் கூடாது. அட்டவணையின் தலைவரியைத் தலைப்பகுதி என்று முறைப்படி குறித்திருந்தால் அது ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரும். வெறும் தடித்த வரியாக இருந்தால் வராது. ‘விண்டோஸ் / ஆண்ட்ராய்டு’ என்று தாவல்களில் மறைத்து வைத்தது, சொடுக்கினால் விரியும் பகுதி எல்லாவற்றையும் அச்சில் விரித்துக் காட்ட வேண்டும். தாவலில் முதலாவது மட்டும் அச்சாகி, ஆண்ட்ராய்டு பயனருக்கு வழியே இல்லாத புத்தகம் வெளிவருவது நாம் அடிக்கடி காணும் தவறு.

அட்டவணைக்கு வருவோம். ஏ5 தாள் 148 மி.மீ. அகலம். கட்டுப் பக்கம் 20, வெளிப்பக்கம் 15 மி.மீ. விட்டால் எழுத்துக்கு 113 மி.மீ. கிடைக்கும். 9 பத்தி என்றால் பத்திக்கு 12½ மி.மீ.; ‘ஈரப்பதம்’ என்ற சொல்லே அதில் அடங்காது. எழுத்தைச் சிறிதாக்குவதோ தாளைக் குறுக்கே திருப்புவதோ தீர்வாகாது. கையேட்டில் இந்த அட்டவணை எதற்காக இருக்கிறது? ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நிரப்புவது என்று சொல்வதற்காக. அப்படியானால் அதைச் சாய்த்துவிடுங்கள்: தேதி, வண்டி எண், ரகம், மூட்டை, எடை, ஈரப்பதம், விலை, கழிவு, நிகரம் என்று கட்டத்தின் பெயர் இடப்பக்கம், விளக்கம் வலப்பக்கம், இரண்டே பத்தி. போன் திரையிலும் இதுதான் படிக்க வசதி.

பிரவுசர் பிரிண்ட் வீட்டு உபயோகத்துக்குச் சரி. புத்தகமாகக் கட்டுவதற்கு வீஸிபிரிண்ட் போன்ற கருவி மேல். உள் லிங்குகளுக்குப் பக்க எண், பக்கத் தலையில் அத்தியாயப் பெயர் இவற்றை சிஎஸ்எஸ் வழியாகவே தரும். ஜாவாஸ்கிரிப்டை மட்டும் இயக்காது. அதனால் தளத்தில் ஜாவாஸ்கிரிப்ட் வரைந்து காட்டும் படம் எதுவும் அதில் வராது. அவற்றை முன்கூட்டியே எஸ்விஜி படமாக்கி வையுங்கள்.

கேள்வி: இணையத்தில் தமிழ் அழகாக இருக்கிறது. பிடிஎஃபில் ‘கொடு’ என்பது கால் கொம்பு பிரிந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஃபான்ட் மாற்றியும் சரியாகவில்லை.
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஃபான்ட் மேல் குற்றமில்லை. யூனிகோடில் ‘கொ’ என்பது ‘க’வும் அதன் பின் ‘ஒ’கரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுபோய், காலைப் பின்னால் வைப்பது எழுத்தை வடிவமைக்கும் நிரலின் வேலை. ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம் அதைச் செய்கிறது. குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற பிரவுசர்களில் அது உண்டு. ஆஸ்கிடாக்டரின் பிடிஎஃப் கருவி நிற்பது பிரான் என்ற நிரலகத்தின் மேல். அதில் இந்த வடிவமைப்பு இல்லை. எந்த ஃபான்ட் போட்டாலும் அப்படித்தான் வரும்.

வழி இரண்டு. ஆஸ்கிடாக்டரில் எச்டிஎம்எல் எடுத்து, அதை வீஸிபிரிண்ட் மூலம் பிடிஎஃப் ஆக்குவது ஒன்று. ஸ்ஃபிங்க்ஸ் என்றால், பிடிஎஃப் கட்டும் லேடெக் என்ற அச்சுக்கோப்பு நிரலின் எஞ்சினாக ஸீலேடெக் என்று அமைப்புக் கோப்பில் மாற்றுவது மற்றொன்று. மாற்றாவிட்டால் பிடிஎஃப்லேடெக்தான் ஓடும், தமிழுக்கு அது உதவாது. ஸீலேடெக்கில் ஃபான்ட் பெயரோடு எழுத்துமுறை தமிழ் என்பதையும் குறிப்பிட மறக்காதீர்கள். அதை விட்டால் இதே கோளாறு அங்கேயும் தலைகாட்டும்.

அச்சில் தமிழுக்கு வரி இடைவெளி தாராளமாக வேண்டும். ஆங்கிலத்துக்கு வைத்த அளவை அப்படியே விட்டால் மேல்வரியின் ‘ஞு’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும். எழுத்து 10½ பாயின்ட் (அச்செழுத்தின் அளவு) என்றால் வரி 15 முதல் 16 பாயின்ட். தமிழ்ச் சொற்கள் நீளம்; குறுகிய பத்தியில் இருபுறமும் சமன்செய்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக விழும். இரண்டு நெடுவரிசை வைத்த பக்கங்களிலும் அட்டவணைக் கட்டங்களிலும் இடப்பக்கம் மட்டும் சமன் செய்யுங்கள்.

பழைய கையேடு பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். மாற்றிய பின் ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக இருக்கிறதா, காலுக்குப் பதில் ‘ர’ நுழைந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். தளத்தின் தேடலில் சிக்காது.

கேள்வி: ஸ்கிரீன்ஷாட் எல்லாம் திரையில் தெளிவு. புத்தகத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கிறது. அச்சகத்தில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கேட்கிறார்கள், இருக்கிறதே?
– வாசகர், கோட்டையூர்

பதில்: 300 இருக்கலாம். 1366 புள்ளி (பிக்சல்) அகலத் திரையை 113 மி.மீ. அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 307 வருகிறது. ஆனால் திரையில் 14 புள்ளி உயரமுள்ள எழுத்து தாளில் 1.2 மி.மீ.கூட வராது, அச்சு அளவில் ஏறக்குறைய 3 பாயின்ட். யாரால் படிக்க முடியும்?

முழுத் திரையை எடுக்காதீர்கள். பேச்சுக்கு உரிய பகுதியை மட்டும் 600 புள்ளி அகலத்துக்குள் எடுங்கள். அதே எழுத்து இப்போது 2.6 மி.மீ.; படிக்கலாம். ஆனால் அடர்த்தி 135ஆகக் குறைந்துவிட்டதே என்றால், பிரவுசரை 200 சதவீதம் பெரிதாக்கிவிட்டு எடுங்கள்: அதே பகுதி 1200 புள்ளியாகக் கிடைக்கும், அடர்த்தி 270. எடுத்த பிறகு படத்தைப் பெரிதாக்குவதால் பயனில்லை, மங்கல்தான் கூடும். சேமிப்பது பிஎன்ஜியில். ஜேபெக்கில் சேமித்தால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் வரும்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் பட்டறைகளுக்கான ஸ்டாக் மென்பொருள் எங்களுடையது. இருப்பு போதுமானால் பச்சை, குறைந்தால் சிவப்பு. கறுப்பு வெள்ளைப் புத்தகத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.
– வாசகி, காரைக்குடி

பதில்: கணக்குப்படியே ஒன்றுதான். முழுச் சிவப்பு (255, 0, 0) சாம்பலாகும்போது அதன் அடர்வு 76; இணையத்தில் ‘கிரீன்’ எனப்படும் பச்சை (0, 128, 0) 75. நிறத்தோடு ‘குறைவு’, ‘போதும்’ என்ற சொல்லும் மென்பொருளின் திரையிலேயே இருக்கட்டும். கையேட்டில் ‘சிவப்பாகத் தெரியும் வரியை அழுத்துங்கள்’ என்று எழுதாமல் ‘குறைவு என்று காட்டும் வரியை’ என்று எழுதுங்கள். நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் இது வேண்டும்; அச்சை விட அது பெரிய காரணம்.

கேள்வி: இணையத்தில் தேடல் பெட்டி இருக்கிறதே, புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு அவசியமா? போட்டுப் பார்த்தோம், அகர வரிசை தாறுமாறாக வந்தது.
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அவசியம். தாளில் தேடல் பெட்டி கிடையாது. 60 பக்கத்தைத் தாண்டினால் சொல்லடைவு இல்லாத கையேடு பாதிக் கையேடுதான். மூலத்திலேயே அந்தந்தப் பத்தியில் அடைவுச் சொல்லைக் குறித்துவிட்டால், புத்தகத்துக்குப் பக்க எண்ணும் இணையத்துக்கு லிங்கும் தானாக வரும். பயனர் தேடும் சொல்லைக் குறியுங்கள்: திரையில் ‘நீக்கம்’ என்றிருந்தாலும் ‘அழிப்பது’, ‘டெலீட்’ என்றும் தேடுவார்கள், மூன்றையும் சேருங்கள்.

வரிசை குலைவதற்குக் காரணம், கருவி யூனிகோடு எண்ணின்படி அடுக்குவது. அந்த எண் வரிசையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து இருக்கிறது, ‘ற’ என்பது ‘ர’வுக்கு அடுத்து. அதனால் இனம், இருப்பு, இறக்கம், இழப்பு என்று வரும். நம் வரிசை இருப்பு, இழப்பு, இறக்கம், இனம். மெய்யெழுத்திலும் இதே கோளாறு: புள்ளிக்கு எண் கடைசியில் இருப்பதால் படம், படி, பட்டியல் என்று அடுக்கும், அகராதியில் ‘ட்’ முதலில் வரும் என்பதால் பட்டியல், படம், படி. ‘ஜ’ போன்ற கிரந்த எழுத்துகளும் ‘ச’வுக்கு அடுத்து நடுவில் நுழைந்துகொள்ளும்.

ஐசியு என்ற நிரலகத்தில் தமிழ் அடுக்கு முறை இருக்கிறது. அடைவுப் பட்டியலைப் பைதானில் எடுத்து அதன்மூலம் அடுக்கி, பிறகு அச்சுக் கருவிக்குக் கொடுங்கள். மேலே சொன்ன ஏழு சொற்களையும் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவை சரியாக வந்தால் மற்றவையும் பெரும்பாலும் சரியாக வரும்.

கேள்வி: ‘இங்கே கிளிக் செய்க’ என்று எழுதியதெல்லாம் புத்தகத்தில் அசட்டுத்தனமாக இருக்கிறது. இணையத்துக்கு ஒரு வாக்கியம், அச்சுக்கு ஒரு வாக்கியம் என்று நிபந்தனை போட்டு எழுதலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: முடிந்தவரை வேண்டாம். நிபந்தனை ஒவ்வொன்றுக்கும் சரிபார்க்கும் வேலை இரட்டிப்பாகும். ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறப்பீர்கள். இரண்டுக்கும் பொருந்தும் வாக்கியமாக எழுதுங்கள்: ‘ரசீதை ரத்து செய்யும் முறையை “ரசீது ரத்து” பகுதியில் காண்க.’ இணையத்தில் தலைப்பு லிங்காகும். அச்சில் அதன் பின்னால் பக்க எண் சேரும். ஸ்ஃபிங்க்ஸில் இதற்கென்று ஓர் அமைப்பு உண்டு, வெளித்தள முகவரிகளை அடிக்குறிப்பாக இறக்கும் அமைப்பும் உண்டு. ‘மேலுள்ள படம்’, ‘கீழே உள்ள அட்டவணை’ என்பவற்றையும் விட்டுவிடுங்கள். அச்சில் படம் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்துவிடும். ‘படம் 4’ என்று எண்ணால் சொல்லுங்கள், எண்ணைக் கருவி போடட்டும். வீடியோவுக்கு மட்டும் நிபந்தனை நியாயம்: இணையத்தில் வீடியோ, அச்சில் 2 செ.மீ.க்குக் குறையாத க்யூஆர் குறியும், அதை ஸ்கேன் செய்யாதவருக்கும் புரியும்படி எழுத்தில் படிகளும்.

ஒவ்வொரு பகுதிக்கும் லிங்க் பெயரை ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுங்கள். தமிழ்த் தலைப்பிலிருந்து தானாக உண்டாகும் பெயரில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். முகவரியில் சதவீதக் குறிகளோடு அது 9 எழுத்து. ‘கொ’ மட்டுமே 18 பிடிக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நான்கு வரிக்கு நீளும். தலைப்பில் ஒரு சொல்லைத் திருத்தினாலே பெயர் மாறி, புத்தகத்தில் அச்சான க்யூஆர் எல்லாம் செத்துப்போகும்.

கேள்வி: மாதம் ஒரு பதிப்பு விடுகிறோம். புத்தகம் அச்சாகி வருவதற்குள் பழசாகிவிடுகிறது.
– வாசகர், கண்டனூர்

பதில்: எல்லாவற்றையும் அச்சிட வேண்டியதில்லை. கருத்து விளக்கங்கள், தினசரிச் செய்முறைகள், பேக்கப்பை மீட்கும் முறை ஆகியவை புத்தகத்துக்கு. மீட்கும் முறை கட்டாயம். கணினி படுத்துவிட்டால் தளத்தைத் திறக்க வழியிருக்காது. பிழைச் செய்திப் பட்டியல், அமைப்புக் கட்டங்களின் முழு விவரம், புதிய வசதிகள் ஆகியவை இணையத்தோடு நிற்கட்டும். ஒரே மூலத்தில் இரண்டு வரிசைக் கோப்பு இருந்தால் இந்தப் பிரிவினை பத்து நிமிட வேலை.

அட்டையின் உள்பக்கத்தில் மென்பொருளின் பதிப்பு எண்ணும் கட்டிய தேதியும் தானாக விழும்படி செய்யுங்கள். மூலத்தில் மாற்றம் ஏறும் ஒவ்வொரு முறையும் தளத்தோடு பிடிஎஃபையும் கட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கட்டினால் அட்டவணை வெட்டுப்பட்டதும் படம் தொலைந்ததும் அச்சகத்துக்குப் போகும் நாளில்தான் தெரியும். சில பத்துப் பிரதிகள் என்றால் டிஜிட்டல் அச்சு போதும். சிவகாசியில் ஆஃப்செட்டுக்குக் கொடுப்பதானால் பக்கங்களை 16இன் மடங்காகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு ஃபாரம் 16 பக்கம். 83 பக்கம் வந்தால் மூன்றைக் குறைத்து 80 ஆக்குவது செலவுக்கு நல்லது. குறைக்க முடியாமல் 96க்குப் போனால், மிஞ்சும் பக்கங்களைக் கோடு போட்டு ‘திருத்தங்கள்’ என்று தலைப்பிட்டு விடுங்கள். அடுத்த பதிப்பு வரும்வரை மாற்றங்களை அவர்களே அதில் எழுதிக்கொள்வார்கள்.